இரண்டு குழந்தைகள், பத்து மாதம், 83 சாவுகள்: சமோவாவில் நம்பிக்கை உடைந்த விதம்

2018 ஜூலையில், பசிபிக் தீவு நாடான சமோவாவில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்திலேயே ஒரு வயதுக் குழந்தைகள் இரண்டு இறந்தன. அடுத்த ஆண்டின் கடைசி மாதங்களில் அதே நாட்டில் தட்டம்மைக்கு 83 பேர் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மக்கள்தொகையே சுமார் 2 லட்சம்தான். முதல் இரண்டு சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை. பின்னால் வந்த 83-க்கு, தடுப்பூசி போய்ச் சேராததுதான் காரணம்.

எம்எம்ஆர் குப்பிக்குள் இருப்பது உறைய வைத்து உலர்த்திய தூள். அதை அப்படியே போட முடியாது. அதே நிறுவனம் அனுப்பிய கரைப்பான் நீரில் கலந்து, ஒரு குழந்தைக்கு 0.5 மில்லி தோலுக்கடியில் செலுத்த வேண்டும். கலக்கும் நேரத்தில் தூளும் நீரும் ஒரே குளிர்ச்சியில், அதாவது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், இருக்க வேண்டும் என்பதால் கரைப்பானையும் முன்கூட்டியே குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்கள். ஆபத்து நுழைவது இந்த இடத்தில்தான். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் அட்ராகுரியம் போன்ற மருந்துகளுக்கும் இதே குளிர்ச்சிதான் தேவை. சின்னக் கண்ணாடிக் குப்பி, நிறமில்லாத திரவம், ஒரே பெட்டி. அவசரத்தில் குப்பி மாறினால் போதும். 2014-இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் அட்ராகுரியம் இப்படிக் கலந்துபோய் 15 குழந்தைகள் வரை இறந்தன. சமோவாவில் செவிலியர்கள் கலந்ததும் காலாவதியான ஒரு தசை தளர்த்தி மருந்தைத்தான்.

என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வுக்கூட அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசிக்கும் பாதிப்புக்கும் இடையே ஓடிய நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். சில நிமிடங்களில் குழந்தை துவண்டு மூச்சு நின்றால் தசை தளர்த்தி மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். கடும் ஒவ்வாமையும் நிமிடங்களில்தான் வரும்; ஆனால் அதில் தடிப்பு, வீக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று வேறு தடயங்கள் இருக்கும். சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கினால், கலந்த குப்பியை நெடுநேரம் வைத்திருந்ததில் கிருமி பெருகியிருக்கலாம். எம்எம்ஆர் மருந்தினாலேயே வரும் காய்ச்சலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் அதிலுள்ள வலுவிழந்த வைரஸ் உடலில் பெருக அவ்வளவு நாள் பிடிக்கும். இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: ஒன்றாகத் தயாரித்து அனுப்பிய இதே தொகுதி மருந்து வேறு ஊர்களில் யாரையாவது பாதித்ததா? ஓரிடத்தில் மட்டும் அடுத்தடுத்துச் சாவு, மற்ற இடங்களில் ஒன்றுமில்லை என்றால் கோளாறு மருந்தில் அல்ல, கலந்த கையில்.

சமோவா அரசு நாடு முழுவதும் எம்எம்ஆர் போடுவதை நிறுத்தியது. முதல் சில நாட்களுக்கு அது சரியான முடிவு; குறிப்பிட்ட தொகுதியை ஒதுக்கிவைத்து விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தடை சுமார் பத்து மாதம் நீண்டது. தடுப்பூசி திரும்பி வந்தது 2019 ஏப்ரலில். செவிலியர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஜூனில். அரசே இத்தனை மாதம் ஒரு மருந்தைத் தொடாமல் இருந்தால் ஒரு தாய் என்ன முடிவுக்கு வருவாள்? மருந்தில்தான் ஏதோ இருக்கிறது என்றுதான். வதந்தி பரப்பியவர்கள் மேல் பழி போடுவது எளிது, அவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வந்து நின்றது அரசு காலியாக விட்டுப்போன இடத்தில்.

அந்த ஊரில் அரசு சொல்லை நம்பத் தயங்குவதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 1918 நவம்பரில், அப்போது சமோவாவை ஆண்டுகொண்டிருந்த நியூசிலாந்து நிர்வாகம் தலூன் என்ற கப்பலைத் தனிமைப்படுத்தாமல் ஆப்பியா துறைமுகத்துக்குள் விட்டது. அதில் வந்த இன்ஃபுளுயன்சா, மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் கொன்றது. கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்த பக்கத்து அமெரிக்க சமோவாவில் ஒருவர்கூடச் சாகவில்லை. நியூசிலாந்து இதற்கு மன்னிப்புக் கேட்டது 2002-இல்.

தட்டம்மை கணக்குப் பார்த்து வரும் நோய். எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். பதினைந்து என்று வைத்தால், அதில் பதினான்கு பேருக்காவது எதிர்ப்பு சக்தி இருந்தால்தான் தொற்று தேங்கும். ஏறக்குறைய 95 சதவீதம் என்ற இலக்கு இப்படித்தான் வருகிறது. சமோவாவில் முதல் தவணை போட்ட குழந்தைகளின் விகிதம் 2018-இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. 2019 அக்டோபரில் கொள்ளைநோய் அறிவிப்பு, நவம்பர் 15-இல் அவசரநிலை, பள்ளிகளுக்குப் பூட்டு, கட்டாயத் தடுப்பூசி. டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களை மூடி ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். மாத இறுதிக்குள் இலக்கு வயதினரில் சுமார் 95 சதவீதத்தினருக்குப் போட்டு முடித்தார்கள். மொத்த நோயாளிகள் 5,700-க்கு மேல். அதே சமயத்தில் டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது. தடுப்பூசி நன்றாகச் சேர்ந்திருந்த அந்த நாடுகளில் யாரும் இறக்கவில்லை.

மக்கள் சிவப்புத் துணி கட்டியதை நம்பிக்கை மீண்டதன் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணெதிரே குழந்தைகள் சாகும்போது யாரும் கதவைத் திறப்பார்கள். சாவு கண்ணில் படாத காலத்தில் திறக்கிறார்களா என்பதுதான் சோதனை. அதற்கான வேலை விபத்து நடந்த முதல் நாளே தொடங்க வேண்டும். என்ன நடந்தது, எதை நிறுத்தியிருக்கிறோம், எது இன்னும் தெரியவில்லை, அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும் என்ற நான்கையும் அன்றே சொல்ல வேண்டும். கடைசியில் உள்ள தேதியைத்தான் அதிகாரிகள் வழக்கமாக விழுங்கிவிடுவார்கள். சொன்ன நாளில் புதிதாக எதுவும் கிடைக்காவிட்டாலும் வந்து அதையே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது அரசு. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் கூலி வேலையை விட்டு, பேருந்து பிடித்து வர முடியாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஊசி தள்ளிப்போகும்.

இந்தியாவில் இன்று உள்ள விதிகள் இத்தகைய விபத்துகளை மனதில் வைத்தவை. தடுப்பூசிக்கான குளிர்பதனப் பெட்டியில் வேறு மருந்து வைக்கக் கூடாது. கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி, நான்கு மணி நேரத்தில் மீதியை ஒதுக்கிவிட வேண்டும். ஊசி போட்டபின் குழந்தை அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அந்த அரை மணியில் செவிலியர் தாயிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன ஊசி, எதைத் தடுக்கும்; என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து மறக்காமல் கொண்டுவர வேண்டும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் முதலில் அடிபடுவது பக்கவிளைவு பற்றிய பேச்சுதான். பிறகு காய்ச்சல் வந்தால் அந்தத் தாய் காரணம் கேட்கப்போவது பக்கத்து வீட்டில்.