முகம் கவிழ்ந்து மிதக்கும் அப்பாவை யார் கவனிக்கிறார்கள்?

"அவருக்கு நல்லா நீச்சல் தெரியுமே டாக்டர்!"

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தார் இப்படிக் கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. சென்ற வாரமும் இதே கேள்விதான். தீவுக்கு இரண்டு நாள் குடும்பச் சுற்றுலா, ஸ்நார்க்கலிங். அதாவது கண்ணாடி மாட்டி, வாயில் வைத்த குழாய் வழியாக மூச்சு விட்டபடி, முகம் கவிழ்ந்து மிதந்து கடலுக்குள் பார்ப்பது. லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளைகள் பத்திரமாகக் கரையேறிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய அப்பாவைத்தான் தூக்கி வந்தார்கள். அவர் இருந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுகூட இல்லையாம்.

இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்நார்க்கலிங் என்றால் எல்லோருடைய கண்ணும் குழந்தைகள் மேல்தான் இருக்கும். அது சரிதான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தைகளைக் கவனிக்கும் பெரியவரை யார் கவனிக்கிறார்கள்? ஸ்நார்க்கல் செய்யும்போது இறப்பவர்களில் நடுத்தர வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள் அதிகம். அவர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்.

நீச்சல் தெரிந்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். நீச்சல் கைகால்களின் திறமை. ஸ்நார்க்கலில் சோதிக்கப்படுவது நெஞ்சு. கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதுமே கால்களில் இருந்த ரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு ஏறுகிறது. அரை லிட்டருக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் அதைச் சமாளித்தாக வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கும், தடித்துப்போன இதயம் உள்ளவருக்கும் அது லேசான காரியமல்ல. இந்த நிலையில் ஒரு குழாய் வழியாக மூச்சை இழுக்கிறார். குழாய் குறுகலாக இருந்தாலோ, உள்ளே தண்ணீர் நின்றாலோ, அலையை எதிர்த்துக் கால் உதைத்தாலோ, இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்துவிடலாம். ஒரு மடக்குக் கடல் நீர்கூட உள்ளே போயிருக்காது, ஆனாலும் மூச்சு முட்டும். கைகால் துவளும், புத்தி மங்கும். ஹவாயில் ஸ்நார்க்கல் மரணங்களை ஆராய்ந்தவர்கள் சந்தேகிப்பது இதைத்தான். அங்கே எழுந்து நிற்கக்கூடிய ஆழத்திலேயே இறந்தவர்கள் உண்டு. கால் தரையில் படும் என்ற தைரியம் இந்த இடத்தில் உதவாது. நிற்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் நினைவு போய்விடலாம்.

இதைப் பக்கத்தில் இருப்பவர்கூடக் கண்டுபிடிக்க முடியாது. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சாதாரணமாக மூழ்குகிறவரே பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? ஸ்நார்க்கலில் நிலைமை இன்னும் மோசம். முகம் கவிழ்ந்து, கை விரிந்து, அசையாமல் மிதப்பதுதான் ஸ்நார்க்கலிங். நினைவிழந்தவரும் அப்படியேதான் மிதப்பார். பத்தடி தள்ளி மிதக்கும் மகள், அப்பா மீன் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை.

ஆகவே தனியாக யாரும் இறங்கக் கூடாது. இருவர் இருவராக, கை எட்டும் தூரத்தில் இருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி முகம் பாருங்கள். உச்சந்தலையில் கை வைத்தால் 'நலம்' என்று பொருள். பதில் வரவில்லையா? உடனே போய்த் தொடுங்கள். 'தொந்தரவு செய்கிறோமோ' என்ற தயக்கமே வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் தண்ணீரில் இறங்காமல், கையில் போனை எடுக்காமல், தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடர் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், உடல்நலக் குறைபாடுள்ள ஸ்நார்க்கலர்களைத் தனியாக அடையாளம் கண்டு, மிதவையோடும் துணையோடும் அனுப்ப வேண்டும் என்று விதிமுறையே இருக்கிறது. படகில் நீட்டும் உடல்நலப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? பயணத்தில் அந்த மாத்திரையை விட்டுவிடுவது இன்னொரு கொடுமை. முந்தின இரவு குடித்திருந்தால் காலையில் இறங்காதீர்கள். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறதென்றால், மருத்துவரைப் பார்த்த பிறகு கடலைப் பார்க்கலாம்.

மிதவைச் சட்டை பெரியவர்களுக்கும்தான். கண்ணாடியையும் குழாயையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகுங்கள். முகம் முழுவதையும் மூடும் முகமூடி முதல்முறை இறங்குபவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வாயில் வைக்கும் குழாயை மூச்சு முட்டினால் துப்பிவிடலாம், அந்த முகமூடியையோ அவிழ்த்தாக வேண்டும். குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் மட்டும். காற்றடித்த வளையம் விளையாட்டுப் பொருள், பாதுகாப்பு அல்ல. மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து மிதந்தபடி கூப்பிடுங்கள், காலெட்டினால் எழுந்து நில்லுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" வேண்டாம்.

பிள்ளைகள் முன் சாகசமாக அடியில் போய்ச் சிப்பி எடுக்கும் அப்பாக்களே, அதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். மூச்சு எடுத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பைத் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு வரி: முதுகும் முழங்காலின் பின்புறமும் கொப்பளிக்க வருபவர்கள் ஏராளம். முழுக்கைச் சட்டையும் முழுக்காலுடையும் போட்டால் ஜெல்லி மீனுக்கும் ஓரளவு தடுப்பு.

ஒருவரைத் தூக்கிவந்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து வயிற்றை அமுக்காதீர்கள். குப்புறப் போட்டு அழுத்துவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, எதுவும் வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்து ஆறுதல் அடைகிறீர்கள். அது வாந்தியோடு நுரையீரலுக்குள் போகிறது, பொன்னான நிமிடங்களும் போகின்றன. உதவிக்கு ஆளை அனுப்பிவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். சில நாடுகளில் 2 என்று கற்பிப்பார்கள்; எண்ணைப் பற்றிக் குழம்பாமல் ஊதுங்கள், இவருக்கு முதலில் தேவை காற்று. பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். வாயில் நுரை பொங்கும், துடைக்கத் துடைக்க வரும். துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுங்கள்.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும், இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிவாருங்கள். சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அனுப்புவோம். அறைக்குப் போய்த் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.