எந்த அரசுப் பள்ளி ‘செலக்டிவ்’? சிட்னித் தமிழ்ப் பெற்றோருக்கு

மேற்கு சிட்னியில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை பற்றிப் பெற்றோருக்கு வழிகாட்டுவது என் வேலை. நம்மவர்கள் எழுதிக்கொண்டு வரும் செலக்டிவ் (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப்) பள்ளிப் பட்டியலில் செர்ரிபுரூக் டெக்னாலஜி ஹைஸ்கூல் அடிக்கடி இருக்கும். “தேர்வு எழுதினால் அங்கே இடம் கிடைக்குமா?” என்பார்கள். கிடைக்காது. அது அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் நன்றாக மதிப்பெண் வாங்குவதாலோ, பெயரில் டெக்னாலஜி இருப்பதாலோ ஒரு பள்ளி செலக்டிவ் ஆகிவிடாது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஏழாம் வகுப்பு இடங்களை மாநிலக் கல்வித் துறையின் செலக்டிவ் தேர்வு வைத்து நிரப்புகிறார்களா? வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு பகுதிகள் கொண்ட தேர்வு அது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் எழுதுகிறார்கள்.

சரி, எத்தனை இடங்களை அப்படி நிரப்புகிறார்கள்? குழப்பமே இங்கேதான். கிர்ராவீன் ஹைஸ்கூல் முழு செலக்டிவ். எல்லா இடமும் தேர்வு வழியே. பரமட்டா ஹைஸ்கூல் பகுதி செலக்டிவ். அங்கே சில வகுப்புகளுக்கு மட்டும் தேர்வு. மற்ற வகுப்புகளில் அந்தப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகள் தேர்வில்லாமலே சேரலாம். கார்லிங்ஃபோர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ் விவசாயப் பள்ளி, ஆனால் முழு செலக்டிவ். நியூட்டவுன் கலைப் பள்ளி பலரைச் சேர்ப்பது ஆடிஷன் (கலைத் திறன் தேர்வு) பார்த்து. அதைக் கல்வித் தேர்வோடு சேர்த்து எண்ணக் கூடாது. அரோரா காலேஜ் இணைய வழிப் பள்ளி. தொலைதூர ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தபடியே ஆங்கிலம், கணிதம், அறிவியலை அதன் செலக்டிவ் வகுப்பில் படிக்கலாம். அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பத்திரிகைகளில் வரும் ஹெச்.எஸ்.சி. தரவரிசையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மிக உயர்ந்த மதிப்பெண் நிலையை எட்டிய முடிவுகள் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டுகிறது. முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த பள்ளி மேலே வருவதில் வியப்பில்லை. பகுதி செலக்டிவ் பள்ளியில் இரண்டு வகைப் பிள்ளைகளின் முடிவும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் அது கீழே தெரியும், பெற்றோரும் கழித்துவிடுவார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். பத்து வயதுப் பிள்ளையின் சனி, ஞாயிறு எல்லாம் கோச்சிங்கில் போகிறது. வீட்டுப் பக்கத்தில் இருக்கும் நல்ல பள்ளியின் வாசலைக்கூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விருப்பப் பட்டியல் எழுதும்முன் கல்வித் துறை வெளியிடும் செலக்டிவ் பட்டியலில் முழுதா, பகுதியா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் முகவரிக்கு உரிய அரசுப் பள்ளி எது என்று துறையின் தளத்திலேயே தேடி, பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் அதன் ‘ஓபன் டே’ அன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.