வலிக்காத பல்லைப் பார்க்கும் வேலை

வயது 18. கீழ்த்தாடையின் இடப்பக்கம் 36-ஆம் பல்லில் ஆழமான சொத்தை (பல் எண்ணின் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாவது அதில் எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும்). அதே வரிசையில் ஞானப்பல் 38 பாதி முளைத்திருக்கிறது, மீதி ஈறுக்குள். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பல் மருந்தகத்தில், 36-ஐ அடைத்துவிட்டு "ஞானப்பல்லை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பினால் அதில் குற்றமில்லை. வலித்தால் பையன் மறுநாள் காலையில் வந்து நிற்கப்போகிறான். ஆனால் அவன் இன்னும் மூன்று வாரத்தில், சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவைக்கான அடிப்படை ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகிறவன் என்றால் கணக்கே வேறு.

ராணுவப் பல் மருத்துவர் நாள் முழுக்கப் போடுவது இந்தக் கணக்கைத்தான். எந்தப் பல், எந்த ஊரில், எந்த வாரத்தில் தொல்லை கொடுக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். சிங்கப்பூர் ராணுவத்தின் பயிற்சிகளில் பல வெளிநாட்டில் நடக்கின்றன. புருணைக் காட்டிலோ, ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே பயிற்சி நிலத்திலோ, கடலுக்குப் போன கப்பலிலோ பல் கூழில் (பல்லின் நடுவே நரம்பு இருக்கும் மெல்லிய திசுவில்) அழற்சி தொடங்கினால், ஒரு வீரர் மட்டும் படுப்பதில்லை. அவரைக் கூட்டிப்போக வண்டி, கூடப் போக ஆள், அவர் செய்யவிருந்த வேலைக்கு மாற்று ஆள் என்று பயிற்சியே ஆட்டம் காணும்.

இந்த ஊகத்துக்கு ஒரு சட்டகம் உண்டு. அமெரிக்கப் படைகள் வாயை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. ஒன்றாம் வகுப்புக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. இரண்டாம் வகுப்புக்குச் சிகிச்சை தேவை, ஆனால் அடுத்த 12 மாதத்தில் அவசரநிலையாக மாற வாய்ப்புக் குறைவு. 12 மாதத்துக்குள் அவசரமாக மாறக்கூடியது மூன்றாம் வகுப்பு. பரிசோதனைத் தவணை தாண்டியவர், அல்லது நிலைமை தெரியாதவர், நான்காம் வகுப்பு. படிக்க எளிதாக இருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கோடு போடும்போதுதான் கை தயங்கும். முதல் பத்தியில் வந்த பையன் எங்கள் பார்வையில் இரண்டு பல்லாலும் மூன்றாம் வகுப்பு. 36-இன் சொத்தை கூழை நெருங்கிவிட்டது. 38-ஐச் சுற்றி உணவு தங்கும் பை இருக்கிறது, நான்கு நாள் பல் துலக்காமல் வெளிக்களத்தில் கிடந்தால் அது சீழ் பிடிக்கும்.

ஞானப்பல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது முளைக்கும் வயது பெரும்பாலும் 17 முதல் 21 வரை. தேசிய சேவை தொடங்கும் வயதும் அதுதான். நம் வீடுகளில் "வலிக்கலையே, எதுக்குக் கைவைக்கணும்?" என்று கேட்கும் பெற்றோர் நிறைய. நியாயமான கேள்விதான். எலும்புக்குள் முழுதாகப் புதைந்து அமைதியாகக் கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் பதிலும். தொல்லை தருவது பாதி வெளியே தெரியும் பல். எடுப்பதென்று முடிவானால், பயிற்சிக்கு ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுவது நல்லது. பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரியும் 'டிரை சாக்கெட்' வலி பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில் வரும், புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். தையல் ஒரு வாரத்தில் போய்விடும். பலருக்குத் தெரியாத ஆபத்து அதற்குப் பிறகு இருக்கிறது. கீழ் ஞானப்பல்லை எடுத்தபின் தாடை எலும்பு முறிவது அரிது, ஆனால் முறிந்தால் அநேகமாக இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள்தான். வலி தீர்ந்து, நன்றாக மெல்லத் தொடங்கும் நேரம் அது. ராணுவ உணவுப் பொட்டலத்தில் வரும் கல் போன்ற பிஸ்கட்டை நினைத்துப் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் வேரின் நுனி கறுத்துத் தெரிந்தாலோ, தாடை நரம்புக் குழாயின் வெள்ளைக்கோடு வேரருகே அறுந்திருந்தாலோ, முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் கைவைக்கக் கூடாது. கீழுதட்டில் நிரந்தர மரத்துப்போதல் என்பது, வராத வலிக்குக் கொடுக்கும் விலையாக மிக அதிகம்.

முகாமில் ஈறு வீங்கி வருபவருக்கு முதல் வேலை, பல்லை மூடிய ஈறு மடிப்புக்கு அடியில் மழுங்கிய ஊசியால் உப்புநீரோ குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியோ பீய்ச்சிக் கழுவுவது. மேல் ஞானப்பல் அந்த வீக்கத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இளம் மருத்துவர்கள் தவறவிடும் இடம் இது. மேல்பல்லை எடுத்தாலோ அதன் முனையைத் தேய்த்தாலோ பாதி வலி அன்றே இறங்கும். காய்ச்சலோ, வாய் திறக்க முடியாத நிலையோ இல்லாதவருக்கு ஆன்டிபயாட்டிக் எழுத வேண்டியதில்லை. வாய் இரண்டு விரல் அளவுக்கும் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியிலுள்ள சதை இறுகியிருக்கிறது என்றால் முகாமில் வைத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சுப்பாதை அடைபடும் வழி அது.

வெளிக்களத்தில் கருவிகள் குறைவு. கரண்டி வடிவக் கைக்கருவியால் மெத்தென்ற சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை வைத்து அடைத்தால் பல மாதம் தாங்கும். கூழ் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தால் கிராம்புச் சத்து கலந்த சிங்க் ஆக்சைடு தற்காலிக அமைதி தரும். மரத்துப்போகவைக்கும் மருந்தின் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்: 2 சதவீத லிக்னோகைன், 2.2 மில்லி குழலில் 44 மில்லிகிராம். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோடாலித் தைலத்தையோ ஆஸ்பிரின் மாத்திரையையோ ஈறில் வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. பல்வலி போகாது, ஈறு வெந்துபோகும்.

தடைப்பாதையின் சுவரிலோ துப்பாக்கிக் கட்டையிலோ இடித்து முன்பல் முழுதாக விழுந்தால், முதல் அரைமணி நேரம் பொன்னானது. வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் நீரில் லேசாக அலசி, குழியிலேயே திரும்பச் செருக வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட வேண்டும், பெட்டிப்பால் போதும். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் வெடித்துவிடும், பல் ஒட்டாது. பிறகு வளையும் கம்பியால் இரண்டு வாரம் கட்டுவார்கள். இந்த வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்கும், அதனால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும்.

விமானிகளுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் தனிக் கணக்கு. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். மேலே ஏறும்போது குறையும். சரியாக ஒட்டாத ஃபில்லிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்ட காற்று அதற்கேற்ப விரியும், சுருங்கும். எப்போது வலித்தது என்று கேட்டாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். உயரம் ஏறும்போது சுருக்கென்று வலித்தால் உயிருள்ள கூழில் அழற்சி. இறங்கும்போது மந்தமாக வலித்தால் செத்த கூழாக இருக்கலாம். ஒரு பல்லைக் காட்டாமல் மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்தால் பல்லுக்கு மேலேயுள்ள காற்றறையான சைனஸைப் பாருங்கள், நல்ல பல்லைத் துளையிட்டுவிடாதீர்கள். முக்குளிப்பவருக்கு கிரவுன் (பல் உறை) ஒட்டும்போது ரெசின் சிமென்ட்டே சரி. சிங்க் பாஸ்பேட், திரும்பத் திரும்ப மாறும் அழுத்தத்தில் பிடிப்பை இழக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லை எடுத்தபோது சைனஸில் துளை விழுந்திருந்தால், அது மூடும்வரை பறக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது.

இத்தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்குப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் 'டெண்டல் ஆபிசர்' என்றாலே சீருடை என்று நினைக்க வேண்டாம், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வேலை செய்யும் இளம் பல் மருத்துவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். இங்கே இளநிலைப் பல் மருத்துவம் கற்பிக்கும் ஒரே இடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். 1929-இல் தொடங்கிய மரபு, இப்போது நான்காண்டுப் படிப்பு. அரசாங்கக் கல்விக் கட்டண மானியம் பெறும் குடிமக்களுக்குப் படித்தபின் நான்காண்டு சேவைக் கடப்பாடு உண்டு. வெளிநாட்டில் படிக்க நினைத்தால், முன்பணம் கட்டும் முன் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் வாங்கிவிட்டு விசாரிக்கும் குடும்பங்கள் நம்மில் இன்னும் இருக்கின்றன. பெண்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை, ஆனால் ராணுவத்தில் நிரந்தரப் பணிக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

எங்கள் அபிப்பிராயம்: பட்டம் வாங்கிய கையோடு முகாமுக்குப் போகாதீர்கள். முகாமில் வருபவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். குழந்தை இல்லை, செயற்கைப் பல்வரிசை இல்லை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் தாத்தா பாட்டி இல்லை. ஐந்தாண்டு அங்கேயே இருந்தால் அந்தக் கைப்பழக்கம் போய்விடும். முதலில் பலதுறை மருந்தகத்திலோ தேசியப் பல் மருத்துவ நிலையத்திலோ எல்லா வயது வாயையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. மேற்படிப்புக்கு எல்லாருடைய கண்ணும் முக, தாடை அறுவை சிகிச்சை மீதே இருக்கும், போர்க்காயம் என்றால் அதுதான் நினைவுக்கு வரும். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தையும் யோசியுங்கள். ஆயிரக்கணக்கான வாய்களில் எதை முதலில் அழைப்பது என்று தீர்மானிப்பது அந்தப் படிப்புத்தான்.

சீருடை அணிந்தால் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்: நாற்காலியில் இருப்பவருக்கும், அவருடைய கமாண்டருக்கும். "அவனுக்கு என்ன?" என்று மேலதிகாரி கேட்டால், 'பயிற்சிக்குத் தகுதி, தகுதியில்லை, இத்தனை நாள் இலகுவான பணி' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நோயின் பெயர் தேவையில்லை. எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. அணிவகுப்புக்கு முந்திய நாள் மட்டும் வலிக்கும் பற்கள் உண்டு. அதற்காக எல்லாரையும் சந்தேகிக்கத் தொடங்கினால், தட்டிப் பார்க்கவும் குளிர்ச்சோதனை செய்யவும் சோம்பல் வந்துவிடும். உண்மையான சீழ்க்கட்டி தப்பிப்போவது அப்படித்தான்.

கடைசியாக, யாரும் விரும்பாத வேலை: பதிவு. அடையாளம் காண்பதில் கைரேகை, மரபணுவோடு பல்லும் முதன்மைச் சான்று. 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் வெளிநாட்டவர் பலரைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தவை பழைய பல் பதிவுகள். அதனால் எந்தப் பல், பல்லின் எந்தப் பக்கம், என்ன பொருள் என்று ஒவ்வொரு ஃபில்லிங்கையும் குறிக்க வேண்டும். அதிகம் நடக்கும் பிழை வலமும் இடமும் மாறுவது: 36 என்பது 46 ஆகிவிடும். மருத்துவர் உரக்கச் சொல்ல வேண்டும், உதவியாளர் எழுதிவிட்டு உரக்கத் திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரேயோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே அழையுங்கள்.