கண்பார்வை இழந்த முன்னாள் படைவீரர் சாயாக்கடை போட என்னென்ன கிட்டும்?

தக்கலைப் பக்கம் ஒரு பட்டாளத்து அண்ணன் சாயாக்கடை நடத்துகிறார். இரண்டு கண்ணும் தெரியாது. நோட்டை நீட்டினால் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். நான்கு சாய்கோடு என்றால் நூறு, ஐந்து என்றால் ஐந்நூறு. இருநூறிலும் நான்குதான், ஆனால் நடுவே இரண்டு வட்டம் இருக்கும். கோடு தேய்ந்த நோட்டு என்றால், மதிப்பைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி. ஜிபேக்கு ஸ்பீக்கர் பெட்டியே பேசிவிடும். பழம்பொரி வெந்ததை எண்ணெய்ச் சத்தத்தில் கண்டுபிடிப்பார்.

அவரோடு பட்டாளத்தில் இருந்த இன்னொருவர், இவருக்கும் பார்வை போய்விட்டது, “நமக்கும் ஒரு கடை போட சர்க்காரில் ஏதாவது கிட்டுமா தம்பி?” என்று கேட்டார். கிட்டும். ஆனால் மாற்றுத்திறனாளிக்கு ஓர் அலுவலகம், முன்னாள் படைவீரருக்கு வேறொன்று, மானியத்துக்கு மூன்றாவது. மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஆள் கிடையாது.

முதலில் யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை. ராணுவ மருத்துவ வாரியம் எழுதிய சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்கு உரியது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கேட்பது இந்த அட்டையை. இணையத்தில் விண்ணப்பித்தால் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர் பார்த்துச் சதவீதம் போடுவார். சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீதம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரு கண் முழுக்கப் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். அவருக்கு இந்த வாசல் திறக்காது. முன்னாள் படைவீரர் என்ற வாசல் இருக்கிறது, அதில் போகலாம்.

அந்த வாசலில் இப்போது பெரியது தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’. 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று மத்திய அரசின் பிஎம்இஜிபி, சுயதொழில் தொடங்க மானியத்தோடு கடன் தரும் திட்டம். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகலாம். முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளி இருவருமே இதில் சிறப்புப் பிரிவு. கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் கிராமப்புறத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். கிராமத்தில் மூன்று லட்ச ரூபாய்க் கடை என்றால் கைக்காசு 15,000, மானியம் 1,05,000. ஆனால் மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து, அப்புறம் கடனில் கழியும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் இது. வேறு அரசு மானியம் வாங்கிய கடைக்குக் கிடையாது. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கிராமத்தில் சின்னக் கடை என்றால் நான் பிஎம்இஜிபி பக்கம் சாய்வேன். நாகர்கோவில் டவுன் என்றால் காக்கும் கரங்கள்.

தள்ளுவண்டி மட்டும் போதும் என்பவர்களுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. விற்பனைச் சான்று தருவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. 30 நாள் நோட்டீஸ் தராமல் அப்புறப்படுத்தக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளை, போய்க் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். வடையும் மீன்குழம்பும் மறுநாள் வந்து யாருக்கு என்ன பயன்? இதோடு தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் பிணையில்லாமல் முதலில் 15,000, அதை அடைத்தால் 25,000, அதற்கப்புறம் 50,000 கடன்.

ஆனால் அந்த விற்பனைச் சான்றுக்கு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ‘எனக்கு வேறு பிழைப்பு வழி இல்லை’ என்று அதில் ஒரு வரி வரும். மாதாமாதம் ராணுவ ஓய்வூதியம் வாங்குபவர் யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நகராட்சியில் ஓய்வூதியத்தைச் சொல்லிவிட்டே கேளுங்கள். எனக்கென்னவோ ஓய்வூதியக்காரருக்குச் சொந்த இடத்திலோ வாடகைக்கோ போடும் கடைதான் நிம்மதி. சான்றை வாடகைக்கு விடவும் கூடாது. தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் விற்பனைக் கடை நடத்தப் பார்வையற்றோருக்கு 1936 சட்டமே முன்னுரிமை தருகிறது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, சலுகை விலையில் தொழிலுக்கு நிலம் ஒதுக்கும்போது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்கிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கும்போது இந்தப் பிரிவு எண்ணை எழுதிவிடுங்கள்.

கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம்.

கடைசியாக வங்கி. “கண் தெரியாதவருக்குத் தனியாகக் கடன் தர முடியாது, மகனையும் சேருங்கள்” என்று சில கிளைகளில் சொல்வார்கள். செக் புத்தகம், ஏடிஎம், சில்லறைக் கடன் எதையும் பார்வையற்றோருக்கு மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.