வண்டல், தூர், படிவு: 'செடிமெண்ட்' என்பதற்கு எது சரி?

கண்மாய் மராமத்து மதிப்பீட்டில் 'சில்ட்'. கடலாய்வு அறிக்கையில் 'செடிமெண்ட்'. வயலுக்கு அள்ளுகிறவர் வாயில் 'கரம்பை'. இராமநாதபுரம் பெரிய கண்மாயிலிருந்து வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரம் வரை ஏறக்குறைய ஒரே மண்ணுக்குத்தான் இத்தனை பெயர். அந்த மண் ஓடுகிறதா, படிந்துவிட்டதா, படிந்து வழியை அடைக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்லைத் தேர வேண்டும்.

'செடிமெண்ட்' லத்தீனில் உட்காருதலைக் குறிக்கும் 'செடெரே' என்ற வினையிலிருந்து வந்தது. நீரடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். படி என்னும் வினையிலிருந்து வந்த 'படிவு' இதற்கு அப்படியே பொருந்தும். சிலர் 'படிமம்' என்று எழுதுகிறார்கள். அது உருவம், பிம்பம். மண்ணுக்கு ஆகாது. சிக்கல் என்னவென்றால், ஆற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மண்ணையும் அறிவியலில் செடிமெண்ட் என்றே சொல்கிறார்கள். அதைப் படிவு என்று எழுதினால் சொல்லும் பொருளும் முட்டிக்கொள்ளும். 'அடித்துவரும் மண்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

'வண்டல்' பழைய சொல். சங்க நெய்தல் பாட்டில் அது சிறுமியர் கடற்கரை மணலில் ஆடும் விளையாட்டு. அவர்கள் மணலில் செய்யும் பொம்மை வண்டற்பாவை. ஐங்குறுநூற்றின் 124ஆம் பாட்டில் ஒரு பெண்ணின் பாவையைக் கடல் அடித்துக்கொண்டு போகிறது. அவளோ பொடிமணலை அள்ளி அள்ளிக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்: 'வண்டற் பாவை வௌவலின் நுண்பொடி அளைஇக் கடல்தூர்ப் போளே'. இன்று வண்டல் என்றால் நீர் கொண்டுவந்து சேர்த்த நுண்மண். 'தூர்' மட்டும் பொருள் மாறவே இல்லை. நிரப்பி மூடுவது தூர்த்தல். நிரம்பிப் போவது தூர்ந்துபோதல். நிரப்பிய மண்ணே தூர். ஆகவே வண்டல் மண்ணின் வகையைச் சொல்கிறது, தூர் அது செய்யும் கெடுதலைச் சொல்கிறது. வயலுக்குப் போனால் அதே மண் கரம்பை, உரம்.

அளவில் பார்த்தால், 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை. அதிலிருந்து ஏறத்தாழ 0.06 வரை மணல், 0.06 முதல் 0.002 வரை வண்டல். அதற்கும் கீழே களி. அசையாத நீரில் 0.06 மி.மீ. துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்து நிமிடம் போதும். 0.01 மி.மீ. துகளுக்கு மூன்று மணி நேரம். 0.002 மி.மீ. களித்துகளுக்கு மூன்று நாள். மணல் அணைக்கு மேலேயே தங்குவதும், களி கடல்வரை கலங்கலாகவே வருவதும் இதனால்தான்.

வைகை பிறப்பது வருசநாட்டு மலைக்காட்டில். இதுபோன்ற மலைச் சாய்வுகளில் பாறைமேல் மண் பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான். தொடர்மழையில் நீர் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும். மண்துளைகளில் அழுத்தம் ஏறும். மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடி தளரும். வேர்கள் ஆணி அடித்ததுபோல் பிடித்திருக்கும் வரை தாங்கும். மரத்தை வெட்டிய உடனே அல்ல, பழைய வேர் மக்கி, புதுவேர் இறங்காத இடைக்காலத்தில்தான், ஏறத்தாழ 3 முதல் 15 ஆண்டுக்குள், ஆபத்து மிகுதி. சாலைக்காகச் சாய்வின் அடியை வெட்டினால் அவ்வளவு காலம்கூட ஆகாது.

இங்கேயும் சொல் தகராறு உண்டு. 'சரிவு' என்பது சாய்ந்த நிலத்துக்கும் பெயர், அது சரிந்து விழுவதற்கும் பெயர். நிலத்தைச் சாய்வு என்றும் நிகழ்வை மண்சரிவு என்றும் பிரித்து எழுதுவது நல்லது. சரிந்த மண் ஓடையில் விழுந்து, நீரும் பாறையும் மரமுமாகக் கூழாகிப் பாய்ந்தால் அது வேறு நிகழ்வு. மலையாளத்தில் அதற்கு உருள்பொட்டல் என்று தனிப்பெயர் இருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது அதுவே. தமிழ்ச் செய்திகளில் எல்லாமே நிலச்சரிவுதான். 'உருள்பெருக்கு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

விழுந்த மண் முழுதும் உடனே கீழே வந்துவிடாது. பாறாங்கல் ஓடைத்தலையில் நிற்கும். சரளையும் மணலும் விழுந்த மரங்களுக்குப் பின்னால் தேங்கி, வெள்ளத்துக்கு வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். 1959இல் திறந்த வைகை அணை பருமணலை மறித்துக்கொள்கிறது. ஆகவே இராமநாதபுரத்துக் கண்மாய்களில் சேர்வது பெரும்பாலும் மதகு வழியே தப்பிய நுண்மண்ணும், அணைக்குக் கீழே வரத்துக்கால்களும் கரைகளும் அரித்துக் கொடுப்பதும்தான். முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒட்டித் திரண்டு சட்டென்று இறங்கும்.

அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டல் எடுப்போருக்கு நன்செய் ஏக்கருக்கு 75, புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர் என்பது அரசு வைத்த அளவு. தூர் என்பது கறுத்து, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மேலடுக்கு. மண்வெட்டியில் நிறமும் கெட்டியும் மாறினால் அது கண்மாயின் சொந்தத் தரை. அங்கே நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே தோண்டினால் பள்ளத்து நீர் மடைக்கு ஏறாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே இறங்கும்.

கடலோரக் கண்மாய் மண்ணை வயலில் கொட்டுமுன் சோதிக்க வேண்டும். நேரான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நல்ல தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் சோப்புத்தூள் விட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வைக்கவும். ஒரு நிமிடத்தில் இறங்குவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் இறங்குவது வண்டல், மறுநாள்வரை கலங்கி நிற்பது களி. இன்னொரு பாட்டிலில் தூள் இல்லாமல் குலுக்குங்கள். களிமண்ணாக இருந்தும் சற்று நேரத்தில் நீர் தெளிந்துவிட்டால், முகத்துவாரத்தில் நடப்பதே பாட்டிலிலும் நடக்கிறது, உப்பு இருக்கலாம். மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) பாருங்கள். 1க்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம். 1 முதல் 3 வரை என்றால் உப்பு தாங்கும் பயிருக்கு மட்டும். 3ஐத் தாண்டினால் அந்த மண் வயலுக்கு வேண்டாம்.