அம்மாவின் விரலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையிலிருந்து உயர்தர மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அம்மா பக்கத்து நிரையிலுள்ள சித்தியோடு கதைத்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறார். கை மட்டும் சரியாக இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுகிறது. எப்படி? மூளையைப் பற்றிப் படிக்க உயிரியல் எடுப்பதா, கணிதமா?"

கைராசி என்பார்கள். ராசியுமில்லை, ஒன்றுமில்லை, வருடக்கணக்காகச் செய்த பிழைகள்தான்.

அந்தக் கணக்கு பின்மண்டையிலுள்ள சிறுமூளையில் இருக்கிறது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான். அவற்றில் எனக்குப் பிடித்தது புர்கிஞ்சே கலம். புத்தகத்துக்குள் வைத்து அழுத்திய பெரணி இலைபோலத் தட்டையாக விரிந்திருக்கும். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இணைநார்கள் அதைத் தொட்டுக்கொண்டு போகின்றன: விரல் எங்கே இருக்கிறது, காம்பு எவ்வளவு வளைகிறது என்ற செய்திகளோடு. பிழை நேர்ந்ததை அறிவிக்கும் ஏறுநார் மட்டும் ஒன்றே ஒன்று. சவுக்கு மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதுபோல அந்தக் கலத்தைச் சுற்றிக்கொள்கிறது.

தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிந்த பெண் கொஞ்சம் கீழே கிள்ளிவிடுகிறாள். காம்பு ஒடியாமல் நாராக இழுபடுகிறது. உடனே ஏறுநார் ஓர் அதட்டல் போடுகிறது. அந்தக் கணத்தில் எந்தெந்த இணைநார்கள் பேசிக்கொண்டிருந்தனவோ, அவற்றின் இணைப்பு கொஞ்சம் தளர்கிறது. கவனியுங்கள், இங்கே கற்பது என்பது தளர்வது! புர்கிஞ்சே கலத்தின் வேலையே தடுப்பது. தடை தளரும் இடத்தில் புதிய அசைவுக்கு வழி திறக்கிறது. அதட்டல் அரை நொடிக்குள் வந்தாக வேண்டும். மாலையில் தராசடியில் கணக்கப்பிள்ளை ஏசுவதால் சிறுமூளைக்கு எந்தப் பயனுமில்லை.

இதை முதலில் ஊகித்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். 1969இல் கணிதம் படித்த டேவிட் மார், இணைப்பு வலுப்படும் என்றார். 1971இல் நாசா பொறியியலாளர் ஜேம்ஸ் அல்பஸ், இல்லை, தளரும் என்றார். அதே கணக்கை ரோபோ கைக்கும் பயன்படுத்தினார். 1982இல் ஜப்பானிய உடலியலாளர் மசாவோ இட்டோவின் குழு தளர்வதைச் சோதனையில் காட்டியது. இது மட்டுமே வழியல்ல என்று இன்று தெரியும், அது வேறு கதை.

ஆகவே தங்கச்சி, உயிரியலும் சரி, கணிதமும் சரி. நம் பிள்ளைகளை 16 வயதிலேயே இரண்டாகப் பிரித்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அக்பர் பாலத்தில் ஐந்து நிமிடம் நடந்தால் உயிரியல் கற்பிக்கும் விஞ்ஞான பீடம் உள்ள இந்தப் பக்கம் வந்துவிடலாம். எந்தப் பாடம் எடுத்தாலும் அந்தப் பாலத்தில் அடிக்கடி நட.