அழித்துவிட்டு வராதீர்கள்

மார்ஃபிங் படம், ஆபாச மெசேஜ், சாதிப் பெயர் சொல்லி வசை, திருநங்கைகளுக்கு வரும் மிரட்டல் என எது வந்தாலும் வீட்டில் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அதை டெலிட் பண்ணு, அவனை பிளாக் பண்ணு." எத்தனை முறைதான் சொல்வது? நீங்கள் அழித்தால் போவது உங்கள் கையிலிருக்கும் ஆதாரம். அவனிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

"ஸ்கிரீன்ஷாட் இருக்கே" என்பார்கள். அதில் பெரும்பாலும் தெரிவது ஒரு பெயரும் முகப்புப் படமும்தான். இரண்டையும் அவன் அரை நிமிடத்தில் மாற்றிவிடுவான். அதே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அந்த ஆப்பை நடத்தும் நிறுவனத்திடம் போலீஸ் விவரம் கேட்க யூசர்நேம், புரொஃபைல் லிங்க், பதிவின் லிங்க் வேண்டும். எனவே புரொஃபைல் பக்கத்தில் தொடங்கி உரையாடல் முடியும்வரை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். லிங்குகளைத் தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். வாட்ஸ்அப் என்றால் எண் தெரியும்படி பதிவுசெய்து, சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிளாக் செய்வதெல்லாம் கடைசியில். போனை ரீசெட் செய்யவே கூடாது. மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் ஏற்க பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் அந்தப் போனின் விவரமும் வரும்.

அந்தரங்கப் படம் என்றால், உங்களிடம் இருக்கும் பிரதிதான் ஆயுதம். அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ தளம் உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காணும் குறியீடு) எடுக்கும். அந்தக் கைரேகை மட்டும்தான் வெளியே போகும். படத்தை அழித்துவிட்டால் எதை வைத்து எடுப்பது? பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் இதற்கு 'டேக் இட் டவுன்' தளம் இருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் சொந்தக்காரருக்கோ வக்கீலுக்கோகூட வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். நீக்கிய பதிவை நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள். அதற்குப் பிறகு போனால் கைவிரிப்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்; ஆனால் அந்தப் புகார் என்னவாயிற்று என்று பின்தொடர முடியாது. ஸ்டேஷனுக்கு ஆன்லைனில் அனுப்பும் புகார் பதிவாக, 3 நாளுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்னும் பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். பட்டியல் சாதிப் பெண்ணைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொற்களை அப்படியே புகாரில் எழுதி, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் 'ஆபாசம்' என்று எழுதினால் அந்தச் சட்டம் வழக்குக்குள் வராமலே போகும். திருநங்கைகளுக்கு, அவர்களைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கும் 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உண்டு.

பெற்றோர்களே, தயவுசெய்து அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.